நான் ஓட, அவள் தாவ

டிக்கோயாவில் மாதா கோயிலுக்குப் பின்னால் நீளமான அறை ஒன்று இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, வெளிநாட்டில் யாரோ வேண்டாமென்று கொடுத்த ஆறு கம்ப்யூட்டர்களை அந்த அறையில் வைத்து, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று ஆறு மாத வகுப்பு தொடங்கினார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். அதனால் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். செருப்பை வாசலில் கழற்றி விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சிமெண்டுத் தரை காலைக் கடிக்கும். காலுறை போட்டுக்கொண்டு வந்தது ஒரே ஒருத்திதான். அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதிவுப் புத்தகத்தில் எங்கள் பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன, அவ்வளவுதான் காரணம். பிறகு அவள் என் மனைவியானாள்.

வகுப்பெடுத்த சேர் ஹட்டன் டவுனிலிருந்து வருவார். எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

"ஒருத்தர் தட்டுறதும் ஒருத்தர் வேடிக்கை பாக்குறதும் இங்க நடக்காது. ரெண்டு பேர் கையும் கீபோர்டுல இருக்கணும்" என்பார்.

சனிக்கிழமைகளில் கடைசி இருபது நிமிடம் விளையாட விடுவார். அந்தக் கம்ப்யூட்டர்களில் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. சுரங்கத்துக்குள் சிக்கிக்கொண்ட ஒரு மனிதன் மேலே ஏறி வர வேண்டும். அவன் தலையில் ஒரு விளக்கு. முகம் கிடையாது, நாலு நிறப் புள்ளிகளால் செய்த உடம்பு. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். அவன் ஓடலாம், தாவலாம், வேறொன்றும் தெரியாது. பலகையில் கால் வைத்தால் ஒரு நொடி தாங்கும், பிறகு விழுந்துவிடும். ஏழு கட்டங்கள். மூன்று உயிர். மூன்றும் போனால் மறுபடி முதல் கட்டத்தின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர வழியே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சேருடைய சட்டம் விளையாட்டுக்கும் பொருந்தும். இரண்டு பேர் கையும் இருக்க வேண்டும். நான் வலப்பக்கம் உட்கார்ந்ததால் அம்புக்குறி பொத்தான்கள் என் கைக்கு வந்தன. இடப்பக்கம் உட்கார்ந்த அவளுக்கு நீளமான ஸ்பேஸ் பொத்தான். அவன் என் விரலில் ஓடுவான், அவள் விரலில் தாவுவான்.

முதல் இரண்டு வாரம் இரண்டாம் கட்டத்தைக்கூட நாங்கள் தாண்டவில்லை. நான் ஓட ஆரம்பிப்பேன், அவள் தாவ மாட்டாள். அல்லது நான் நிற்கும்போது தாவுவாள், அவன் நின்ற இடத்திலேயே துள்ளித் தலையை மோதிக்கொள்வான். பக்கத்து மேசையில் சிரிப்பார்கள். அவள் ஒவ்வொரு முறையும் "இப்ப" என்று சொல்லிவிட்டு அழுத்துவது என்று வைத்துக்கொண்டோம். அது கொஞ்சம் உதவியது. ஆனால் அறைக்குள் பையனும் பொம்பளைப் பிள்ளையும் பேசிக்கொண்டிருந்தால் ஃபாதர் எட்டிப் பார்ப்பார். ஆகவே "இப்ப" மெல்ல மெல்லச் சத்தமில்லாமல் போனது. தாவுவதற்கு முன்னால் அவள் ஒரு மூச்சை இழுத்துப் பிடிப்பாள். அது எனக்குக் கேட்கும். அந்த மூச்சு நின்ற இடத்தில் என் விரல் தயாராகிவிடும். இரண்டு மாதத்தில் நாங்கள் ஐந்தாம் கட்டம் வரை போனோம். மற்ற மேசைகளில் யாரும் நான்கைத் தாண்டவில்லை. சேரும்தான்.

ஆறாம் கட்டத்தில் மூன்று இரும்பு வாளிகள் சங்கிலியில் ஆடிக்கொண்டிருக்கும். முதல் இரண்டும் ஒரு பக்கம் ஆடும், மூன்றாவது எதிர்ப்பக்கம். விளக்கின் வெளிச்சமும் அங்கே மங்கிவிடும், அடுத்த வாளி வரும் வரை தெரியாது. அந்த இடத்துக்கு மொத்தம் இரண்டே முறைதான் வந்திருக்கிறோம். முதல் முறை மூன்றாவது வாளிக்கு முன் கரண்ட் போய்விட்டது. இரண்டாவது முறை நான் பயந்தேன். அவள் மூச்சைப் பிடித்தாள், அழுத்தினாள், நான் கடைசி நொடியில் விரலை எடுத்துவிட்டேன். அவன் நேராக மேலே துள்ளி, நேராகக் கீழே தண்ணீருக்குள் போனான்.

"ஏன் கையை எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"நான் எடுக்கல."

"எடுத்தீங்க. நான் பாத்தேன்."

"வாளி வரலையே."

"வந்துச்சு. நான் தாவினேனே. வராமலா தாவுவேன்?"

ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை மன்னிப்புக் கேட்பதற்காகச் சில வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போனேன். அவள் காலுறையைச் சரிசெய்துவிட்டு, "சரி, முதல்ல இருந்து போடுங்க" என்றாள். நான் தயார் செய்ததெல்லாம் வீணானது.

வகுப்பு முடிந்ததும் கம்ப்யூட்டர்களைச் சாக்கு சுற்றி லொறியில் ஏற்றி, கொத்மலைப் பக்கம் வேறொரு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏழாம் கட்டத்தில் என்ன இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஹட்டனில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், பாடசாலை வினாத்தாள். இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுவது என் வேலை. அவள் அதே தெருவில் ஒரு ஸ்டூடியோவில் படங்களைச் சரிசெய்கிற வேலைக்கு வந்தாள். பத்திரிகையில் போடும் படங்களை வாங்க நான் போக வேண்டியிருந்தது. தேவையில்லாத நாட்களிலும் போனேன். அவள் வீட்டில் மாதா, எங்கள் வீட்டில் மாரியம்மன். இரண்டு பக்கமும் ஒன்றரை வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு களைத்துப்போய்ச் சம்மதித்தார்கள். என் அம்மா இருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளின் ஓரத்தில் இருந்த வீட்டில் குடியேறினோம். ஒரு மகள் பிறந்தாள்.

அந்த விளையாட்டைப் பற்றி அதிகம் பேசினோம் என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒன்றை நான் தொடங்கிவிட்டுப் பாதியில் தயங்கினால், "கையை எடுக்காதீங்க" என்பாள். மகளுக்கு அது என்னவென்று புரியாது. ஒருநாள் கேட்டாள், கதையைச் சொன்னோம். "ரெண்டு பேர் சேந்து ஒரு ஆளை நடத்தினீங்களா?" என்று சிரித்தாள்.

பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வருடத்தில் அச்சகத்துக்குக் கடதாசி வருவது நின்றது. கடதாசி இல்லாமல் அச்சகம் எதற்கு? முதலாளி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவை இழுத்து மூடினார். ஸ்டூடியோவுக்குக் கரண்ட் இல்லை, படம் எடுக்க வருவோரும் இல்லை. ஒரே மாதத்தில் இருவரும் வீட்டில் இருந்தோம். நான் தோட்டத்தில் புல்லு வெட்டப் போனேன். பழக்கமில்லாத கை. மூன்றாம் நாள் கத்தி முழங்காலுக்குக் கீழே பட்டு, டிக்கோயா ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வந்து படுத்தேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் போறேங்க."

"எங்க?"

"எங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும்தான். எங்கள் லயத்திலிருந்து மட்டும் அந்த வருடம் மூன்று பெண்கள் போயிருந்தார்கள்.

"நான் போறேன். நீ புள்ளையோட இரு" என்றேன்.

"விசாரிச்சிட்டேன். ஆம்பளைக்கு இப்ப ஒண்ணும் இல்லையாம். பொம்பளைன்னா ஒரு மாசத்துல அனுப்பிருவாங்களாம். ரெண்டு வருஷந்தாங்க. கண்ணை மூடி முழிக்கிறதுக்குள்ள ஓடிரும்."

காலைத் தொங்கப்போட முடியாமல் கட்டிலில் நீட்டிக்கொண்டு கிடந்தவன் நான். என்ன சொல்லித் தடுப்பது? போகாதே என்று சொன்னால் அதற்குப் பதிலாக வேறு ஏதாவது சொல்ல வேண்டும். என்னிடம் எதுவும் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குவைத்தில் ஒரு வீடு. எழுந்து நடக்க முடியாத ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போன் பேசலாம். எங்களுக்கு அது மாலை நாலரை. நான் அச்சகத்துக்குத் திரும்பியிருந்தேன். கடதாசி மறுபடி வர ஆரம்பித்திருந்தது, பழைய அளவுக்கு இல்லாவிட்டாலும். வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். மகள் பாடசாலை விட்டு வந்து, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். எங்கள் வீட்டில் சிக்னல் அந்த ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் நிற்கும்.

இரண்டு வருடம் முடிந்தது. அவள் வரவில்லை. அந்த அம்மா அவளில்லாமல் சாப்பிட மாட்டேன் என்கிறார்களாம். ஆகவே ஒப்பந்தத்தை இன்னொரு வருடத்துக்கு நீட்டிவிட்டார்களாம். இவளைக் கேட்டார்களா என்றால், கேட்ட மாதிரியும் இருந்ததாம், சொன்ன மாதிரியும் இருந்ததாம். பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது.

"அந்தம்மா நல்லவங்கதான். நான் பக்கத்துல இல்லைன்னா புள்ள மாதிரி அழுவாங்க" என்றாள்.

"நம்ம புள்ளையும்தான் அழுவுது" என்று சொல்ல வாய் எடுத்தேன். மகள் பக்கத்தில் இருந்தாள். விழுங்கிக்கொண்டேன்.

கை விஷயத்தைக் கண்டுபிடித்தது மகள்தான். ஒரு வெள்ளிக்கிழமை பேசி முடித்ததும், "அப்பா, அம்மா போனை இடது கையில பிடிச்சிருந்தாங்க. தலைமுடியைக்கூட இடது கையாலதான் ஒதுக்கினாங்க" என்றாள். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். மகள், "அம்மா, வலது கையைக் காட்டுங்க" என்றாள். மெல்லத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் சீலைத்துணி சுற்றியிருந்தது. அந்த அம்மாவைக் குளியலறையிலிருந்து தூக்கும்போது இருவரும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவள் கை அடியில் மாட்டிக்கொண்டது.

"எத்தனை நாளாச்சு?"

"மூணு வாரம்."

"டொக்டர்கிட்ட காட்டினியா?"

"தைலம் தந்தாங்க. வீக்கம் வத்திருச்சு. நீங்க ஒண்ணும் செய்யப் போகாதீங்க."

நான் போனேன். முதலில் ஏஜென்ட்டிடம். அவளை அனுப்பிய ஆள் அங்கே இல்லை. இருந்தவர் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, பேசிப் பார்க்கிறேன் என்றார். நான் படியிறங்கும்போதே கொப்பியை மூடிவிட்டார், ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பிறகு ஒருநாள் லீவு போட்டுவிட்டு, இதற்கென்று உள்ள அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். காலையில் டோக்கன் எடுத்தவன் மதியத்துக்குப் பிறகுதான் உள்ளே போனேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் நல்ல மனிதர், நான் தட்டுத் தடுமாறிப் பேசிய சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எயாம கியன்ன ஓனே" என்றார். அவளே சொல்ல வேண்டுமாம். அவளே தூதரகத்துக்குப் போன் எடுத்து முறைப்பாடு செய்தால்தான் இங்கிருந்து ஏதாவது நகர்த்த முடியுமாம். அவர் நம்பரை ஒரு துண்டில் எழுதி, என் கையில் கொடுத்து, அந்தக் கையை ஒரு தட்டும் தட்டினார்.

வெள்ளிக்கிழமை நம்பரைச் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை.

"முறைப்பாடு செஞ்சா முதல்ல போனைத்தாங்க பிடுங்குவாங்க. அப்புறம் வெள்ளிக்கிழமையும் இல்லாமப் போயிரும்."

"அதுக்காகக் கையை இப்படியே விடுவியா?"

"கை இருக்குங்க. அசையுது. பாருங்க."

அசைத்துக் காட்டினாள். விரல்கள் அசைந்தன. மணிக்கட்டு மடங்கவில்லை. நல்லா இருக்கு என்று சொன்னேன்.

இதற்கெல்லாம் நடுவில்தான் மகள் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாள். அச்சகத்தில் கழித்துப்போட்ட ஒரு மடிக்கணினியை முதலாளி அவள் படிப்புக்காகக் கொடுத்திருந்தார். பழைய விளையாட்டுகளையெல்லாம் யாரோ சேர்த்து வைத்திருக்கும் ஒரு பக்கத்தில், சுரங்கம், தண்ணீர், விளக்கு என்று தட்டித் தேடியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீர் ஏறும் சத்தம். உண்மையில் அது தண்ணீர்ச் சத்தமே இல்லை, இரண்டு ஸ்வரம் மாறி மாறி அடிக்கும், அவ்வளவுதான். ஈரத்துணியோடு அப்படியே நின்றேன்.

"அப்பா, நீங்க சொன்ன கேம் இதானா?"

அதேதான். அதே நாலு நிறத்து மனிதன். திரையின் நடுவில் சின்னதாக நின்றான். அப்போதெல்லாம் அவன் பெரிதாக இருந்ததாக ஞாபகம்.

நான் உட்கார்ந்தேன். இம்முறை இரண்டு கையும் என்னுடையவை. வலது கை அம்புக்குறியில், இடது கை ஸ்பேஸில். முதல் பள்ளத்திலேயே விழுந்தான். வகுப்பில் பழகிய பிறகு ஒருநாள்கூட அந்தப் பள்ளத்தில் நாங்கள் விழுந்ததில்லை. மறுபடி போட்டேன், விழுந்தான். அன்று மாலை வரை முயன்றும் இரண்டாம் கட்டத்தின் பாதியைத் தாண்டவில்லை. என் வலது கை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. எங்கே ஓட வேண்டும், எங்கே இரண்டு எட்டு பின்னால் வர வேண்டும், எல்லாம் தானாக வந்தது. இடது கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. அது தாவியதே இல்லையே.

அதன் பிறகு தினமும் விளையாடினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவன், வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, நாலு நிறப் பொம்மை தண்ணீரில் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை தன் மடிக்கணினிக்காகக் காத்திருந்தாள். ஆறாம் கட்டத்துக்குப் போய்விட்டால், மூன்றாவது வாளியைத் தாண்டிவிட்டால், ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் நிறுத்தவும் முடியவில்லை.

ஒருநாள் மகள் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"நான் தாவுறேன்ப்பா. நீங்க ஓடுங்க."

அவளுக்குக் கை வேகம். ஆனால் அவசரக்காரி. பள்ளம் கண்ணில் பட்டதுமே தாவிவிடுவாள். இரண்டு எட்டு முன்னாலேயே தாவி, அவன் நடுவில் விழுவான். நான் பொறு பொறு என்பேன். அவள் பொறுத்தால் பலகை போய்விடும். கைகள் பக்கத்தில் இருந்தும் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் மூச்சு எப்போதும் போல ஒரே சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. ஐந்தாறு முறைக்குப் பிறகு என் குரல் உயர்ந்துவிட்டது.

"எத்தனை தடவை சொல்றது? அவ்வளவு சீக்கிரம் அழுத்தாதேன்னு! அம்மா ஒரு தடவைகூட இந்த இடத்துல விட்டதில்ல!"

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா மாதிரி எனக்கு வராதுப்பா. அதுக்கு நான் என்ன செய்ய?"

அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். எதிர் மலையில் மிஷின் வைத்துக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவளால் என்ன படித்திருக்க முடியும்? நான் மடிக்கணினியை மூடி, அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டாள். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

தன் அம்மாவிடம் இதைச் சொன்னதும் மகள்தான். அடுத்த வெள்ளிக்கிழமை, என்னைப் பற்றிய முறைப்பாடாகச் சொன்னாள்.

"அம்மா, அப்பா பைத்தியமாயிட்டாரு. உங்க சுரங்கத்துக் கேமைத் தேடிக் குடுத்தேன். இப்ப எனக்குக் கம்ப்யூட்டரே இல்ல."

அவள் முகம் போனுக்குக் கிட்டே வந்தது. பிறகு, "எங்க, காட்டு, காட்டு" என்றாள். இத்தனை மாதமாக அந்தக் குரலில் நாங்கள் கேட்காத ஒரு சத்தம்.

மகள் போனின் கண்ணைத் திரைக்கு நேராகப் பிடித்தாள். நான் விளையாட்டைப் போட்டேன். முதல் கட்டத்தின் அடியில் அவன் வந்து நின்றதும் குவைத்திலிருந்து, "ஐயோ, அந்த ஆளு!" என்று கேட்டது. அந்த வீட்டுச் சமையலறையில் குனிந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். எனக்கு அவள் முகம் தெரியவில்லை, போன் திரும்பியிருந்தது. மகள்தான் சொன்னாள், "அம்மா சிரிக்கிறாங்கப்பா."

"நீங்க ஓடுங்க. நான் சொல்றேன்" என்றாள்.

ஓடினேன். பள்ளம் வந்தது. அவன் விளிம்பைத் தாண்டிக் கீழே போன பிறகு, "இப்ப" என்று கேட்டது.

"என்னங்க, சொன்னேனே!"

"கேட்டுச்சு புள்ள. லேட்டா கேட்டுச்சு."

"சரி, மறுபடி போடுங்க. கொஞ்சம் முன்னாடியே சொல்றேன்."

மறுபடி. "இப்ப" வந்தது. அவன் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தான். மறுபடி. இம்முறை அவள் அவசரப்பட்டு, அவன் ஓடத் தொடங்கியதுமே சொன்னாள். நான் நம்பி அழுத்தினேன். தாவினான், விளிம்பில் வயிறு இடித்தது, விழுந்தான். அவள் அங்கே பார்ப்பதே இங்கே சற்று முன்னால் நடந்ததை, அவள் சொல்வது எங்களிடம் வருவதற்குள் இன்னும் கொஞ்சம் நேரம் போய்விடுகிறது என்று மகள் விளக்கினாள். அவள் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் எவ்வளவு முன்னாடி சொல்லணும்?"

யாருக்கும் தெரியவில்லை. ஒரு தடவை ஒரு நொடி தாமதித்தது, அடுத்த தடவை மூன்று நொடி. எங்கள் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. அப்படியானால் சிக்னல் இன்னும் மோசமாகும். ஆனாலும் அவள் விடவில்லை. இப்ப, இப்ப, இப்ப என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். எப்படியோ ஒரு முறை பொருந்தியது. பள்ளத்தைத் தாண்டி அவன் அப்பால் போய் நின்றான். மூவரும் கத்திவிட்டோம். பக்கத்து வீட்டு அக்கா, "என்ன மேட்சா?" என்று சுவரைத் தட்டிக் கேட்டார்.

அந்தச் சத்தம் அங்கேயும் கேட்டிருக்க வேண்டும். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அந்த நாட்டுப் பாஷையில் ஏதோ பதில் சொன்னாள். அந்தக் குரல் வேறாக இருந்தது, சின்னதாக, வேகமாக. போனை மகள் திருப்பினாள். திரையில் ஒரு கூரையும் குழல் விளக்கும் மட்டும் தெரிந்தன. பிறகு அதுவும் போய்விட்டது. அதற்குள் தண்ணீர் ஏறி அவனை மூடியிருந்தது.

அன்றைக்குப் பிறகு நான் அந்த விளையாட்டைத் தொடவில்லை. வைராக்கியம் ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் கை வரவில்லை. மகள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டாள், பரீட்சை எழுதினாள், கணக்குக் கஷ்டமாக இருந்தது என்றாள்.

இந்த வருடம் மழைக்கு முன்பு அந்த வயதான அம்மா இறந்துபோனார்கள். அவள் சொல்லி அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது, அதை மறைக்கப் போவதில்லை. இனி அவளை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். லயத்தில் ஒன்றிரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். பெட்டி வைக்க ஒரு இடம்கூடப் பார்த்து ஒதுக்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள், மெடத்துடைய, அந்த வீட்டு எஜமானியுடைய, தங்கை வீட்டுக்குத் தன்னை அனுப்புகிறார்களாம். அங்கே கைக்குழந்தை இருக்கிறதாம்.

"நீ போகமாட்டேன்னு சொல்லலையா?"

"சொன்னேங்க."

"என்ன சொன்னாங்க?"

"உடுப்பை எடுத்து வைக்கச் சொன்னாங்க."

பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. பழைய நம்பருக்கு எடுத்தால் அடிக்கவே இல்லை. ஏஜென்ட்டிடம் போனேன், அதே கொப்பி, அதே ஆள். அரசாங்க அலுவலகத்தில் அந்த நல்ல மனிதர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக இருந்தவர் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். முதலிலிருந்து சொன்னேன். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு நானும் மகளும் ஜன்னல் ஓரத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரமும் அப்படித்தான்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, நான் அச்சகத்தில் ஒரு மரண அறிவித்தலுக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத ஒரு நம்பரிலிருந்து போன் வந்தது. அவள்தான். குரல் மட்டும், படம் இல்லை. யாரோ ஒரு பிலிப்பைன்ஸ்காரப் பிள்ளையின் போனாம். நன்றாக இருக்கிறாளாம். வீடு பெரிதாம், மூன்று மாடி. குழந்தை இவளிடம் ஒட்டிக்கொண்டதாம். கையைப் பற்றிக் கேட்டேன். குழந்தையை இடது கையாலேயே தூக்கப் பழகிவிட்டாளாம். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது ஒரு பதிலை உண்டாக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

பின்னால் குழந்தை அழத் தொடங்கியது.

"என்னங்க, அங்க மழையா?"

"ஆமா. நாலு நாளா விடல."

"காத்து?"

"கொஞ்சம் இருக்கு."

"கூரைத் தகரத்துக்கு மண் மூட்டை வச்சீங்களா? ஓரத்து வீடு நம்மளோடதுதான், முதல்ல நம்மளோடதுதான் தூக்கும்."

"வச்சிட்டேன்."

"எத்தனை?"

"எட்டு."

"நல்லது. புள்ளையை வெளியில விடாதீங்க" என்றாள். குழந்தையின் அழுகை பெரிதானது, போன் நின்றது.

நான் ஒரு மூட்டைகூட வைத்திருக்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு, மிச்சப் பக்கத்தை நாளை முடிக்கிறேன் என்று கிளம்பினேன். பஸ் டிக்கோயா வருவதற்குள் நன்றாக நனைந்திருந்தேன், ஜன்னல் கண்ணாடி மூடவில்லை. வீட்டில் உரச் சாக்கு ஐந்து இருந்தது, பக்கத்து வீட்டு அக்காவிடம் மூன்று வாங்கினேன். மகள் குடை பிடித்துக்கொண்டு சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள், நான் மண்ணை அள்ளிப் போட்டேன். ஈர மண், ஒவ்வொன்றும் கல் மாதிரி கனத்தது. ஏணியில் நான் ஏற, அவள் கீழேயிருந்து தள்ளிக் கொடுத்தாள். இருட்டுவதற்குள் ஆறை ஏற்றிவிட்டோம். தகரம் வழுக்கியது. "போதும்ப்பா, இறங்குங்க" என்று அவள் கத்தினாள். இன்னும் இரண்டு இருக்கிறது என்று சொன்னேன்.